சிவப்புத் தரை: வீட்டுத்திட்ட வீட்டுக்கு நிறமும் பிடிப்பும்

வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட எங்கள் காணிக்குப் பெரியம்மாவுடன் முதன்முதல் போன நாளில், வீடு நின்ற இடத்தைக் கண்டுபிடிக்கவே அரை மணித்தியாலம் சென்றது. ஓடு, தீராந்தி, கதவு, யன்னல் ஒன்றும் இல்லை. சுவர்களும் இடுப்பளவுக்கு மேல் இல்லை. பற்றையை வெட்டி, மண்ணை ஒதுக்கிக் கூட்டியபோது அடியில் சிவப்புச் சீமெந்து தெரிந்தது. பெரியம்மா போத்தலில் இருந்த தண்ணீரை அதில் ஊற்றிக் கையால் தேய்த்தார். 1990இல் விட்டுவிட்டுப் போன அதே சிவப்பு. "இது விறாந்தை. அங்காலை சாமியறை. நிறத்தைப் பார், அப்பிடியே கிடக்கு" என்றார்.

இடம்பெயர்ந்து திரும்பிய பல குடும்பங்களுக்கு இந்த அனுபவம் உண்டு. எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகலாம், தரையை மட்டும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

பிறகு அதே காணியில் வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு எழுந்தது. கூரை போட்டு, சுவர் பூசி முடிய உதவிப்பணமும் முடிந்துவிட்டது. தரை சொரசொரத்த சாம்பல்நிறக் கொங்கிறீற்றாகவே பல ஆண்டுகள் கிடந்தது. கூட்டக் கூட்டத் தூசி வந்தது. வடக்கு கிழக்கில் இப்படி நின்றுபோன வீடுகள் ஏராளம். 2012 ஒக்ரோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, வேலை முன்னேற முன்னேறப் பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. வீட்டுக்காரரே கட்டிமுடிக்க வேண்டிய அந்த ஏற்பாட்டில் விலைவாசி ஏற ஏற முதலில் கைவிடப்பட்டது தரையும் பெயின்ற் வேலையும்தான். சிலர் நகையை அடகு வைத்து ரைல்ஸ் பதித்தார்கள். சிலர் அதற்காக நுண்கடன் எடுத்து இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பெரியம்மா கேட்டது ரைல்ஸ் அல்ல, பழைய சிவப்புத் தரை. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பெரியப்பா செயற்கைக்கால் போட்டு நடப்பவர். மெருகேற்றிய சிவப்புத் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், அவரை விழுத்த. ஒருவருக்கு மினுக்கம் வேண்டும், மற்றவருக்குப் பிடிப்பு வேண்டும். இரண்டையும் ஒரே சீமெந்தில் கொண்டுவரலாம் என்பதை நாங்கள் ஒருமுறை பிழைவிட்டு, பிறகுதான் கற்றுக்கொண்டோம். அதைச் செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சிவப்பு ஏன் மங்கவில்லை?

சிவப்புச் சீமெந்துக்கு நிறம் தருவது இரும்பு ஒக்சைட். எளிதாகச் சொன்னால் துரு. ஏற்கெனவே துருவாகிவிட்ட இரும்பை வெயிலோ மழையோ மேலும் மாற்றப்போவதில்லை. சீமெந்திலுள்ள காரமும் அதைத் தாக்காது. அதனால்தான் முப்பது ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் அந்த நிறம் போகவில்லை. மஞ்சளும் கறுப்பும்கூட இரும்பு ஒக்சைட்டின் வகைகளே. சிவப்போடு கொஞ்சம் கறுப்பைச் சேர்த்தால் மண்ணிறம் வரும். பச்சைக்குப் பயன்படுவது குரோமியம் ஒக்சைட். துணிக்குப் போடும் நீலத்தையும் சுவர்ப் பெயின்றுக்கான சாயங்களையும் சீமெந்தில் கலக்கக்கூடாது. அவை நிலைக்கும் என்ற நம்பிக்கை இல்லை. கடையில் வாங்கும்போது "சீமெந்துக்குப் போடுகிற ஒக்சைட்" என்று கேட்டு வாங்க வேண்டும்.

இந்தத் தரைகள் ஒரு காலத்தில் எங்கள் ஊர்களில் சாதாரணமாக இருந்தன. காங்கேசன்துறையில் 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை எங்கள் மண்ணின் சுண்ணக்கல்லில்தான் ஓடியது. 1990இல் போரோடு அது நின்றது. அதே காலத்தில் வந்த பொருளாதாரத் தடையில், வடக்கிற்குக் கொண்டுசெல்ல முடியாத பொருள்களில் சீமெந்தும் ஒன்றானது. ஒரு தலைமுறை மேசன்மாருக்குக் கையில் சீமெந்தே இல்லாத ஆண்டுகள் அவை. சிவப்புத் தரை போடும் கைப்பழக்கம் குறைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அளவுகள்

நிறம் கூடக் கூட அழகு கூடும் என்று நினைப்பது முதல் பிழை. சீமெந்தின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஒக்சைட் நல்ல நிறம் தரும். 50 கிலோப் பை ஒன்றுக்கு இரண்டரைக் கிலோ. நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால் நிறம் மேலும் ஏறாது, தரையின் பலம்தான் குறையும்.

தரை முழுத் தடிப்புக்கும் நிறம் போடத் தேவையில்லை. அடியில் 20 மில்லிமீற்றர் சாதாரணக் கலவை, அது இறுக முன்னரே மேலே 5 மில்லிமீற்றர் நிறக் கலவை. பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றுக்கு மொத்தமாக இரண்டரைப் பைச் சீமெந்தும் எட்டுக் கன அடி அளவு மணலும் போகும். ஒக்சைட் ஒன்றரைக் கிலோ போதும்.

அடிக்கலவைக்கு ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு மணல். நிறக் கலவைக்கு ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு அரித்த நுண்மணல். ஒக்சைட்டை முதலில் உலர்ந்த சீமெந்தோடு கலந்து இரண்டுமுறை அரிக்க வேண்டும். ஓர் அறைக்குத் தேவையான முழுவதையும் ஒரே தடவையில் கலந்து, ஈரம் படாமல் பையில் கட்டி வைப்பது நல்லது. பாதியில் புதிதாகக் கலந்தால் நிறம் ஒத்துவராது. கொஞ்சம் மிச்சம் வைத்தால் பின்னாளில் வெடிப்பு அடைக்க உதவும், ஆனால் காற்றுப் புகாமல் வைக்க வேண்டும்.

உப்புப் பூத்தது ஏன்?

நாங்கள் முதலில் பரீட்சித்தது பின்பக்கச் சாமான் அறையில். மறுவாரம் தரை முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. கோலமாவை உதறிவிட்டதுபோல இருந்தது. கூடவே சிலந்திவலை மாதிரி மெல்லிய வெடிப்புகள். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளைக்குக் காரணம் தண்ணீர். சீமெந்து இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்பைத் தண்ணீர் மேலே கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போக, சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகத் தங்குகிறது. கலவையில் தண்ணீர் கூடினால் பூப்பதும் கூடும், நிறமும் வெளிறும். உவர்த்தண்ணீரும் கழுவாத கடற்கரை மணலும் இதற்கு மேலும் உப்பைச் சேர்க்கும். நல்ல விதி இதுதான்: வாயில் விட்டால் உவர்க்கும் தண்ணீரைக் கலவைக்கு எடுக்க வேண்டாம். கலவை கையில் உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கால் வழியக்கூடாது.

வெடிப்புக்குக் காரணம் சோளகம். நாங்கள் வேலை செய்தது ஆடி மாதம், கதவு யன்னல் எல்லாம் திறந்தபடி. காற்று மேற்பரப்பை உள்ளே இறுக முன்னரே காயவைத்துவிட்டது. அதிகாலையில் தொடங்கி, யன்னல்களைச் சாக்கால் மறைத்துச் செய்திருந்தால் தப்பியிருக்கும்.

இலேசாகப் பூத்த வெள்ளையை உலர்ந்த தூரிகையால் தேய்த்தெடுத்து, சுத்தமான தண்ணீரால் கழுவலாம். சில மாதங்களில் அது தானாகவும் குறையும். அவசரப்பட்டு அசிட் ஊற்றுபவர்கள் உண்டு. அது நிறத்தோடு சீமெந்தையும் அரித்துவிடும், மூடிய அறையில் அதன் புகை நெஞ்சையும் பிடிக்கும்.

பழைய தரைக்கு மேல்

முதலில் ஒரு கம்பியால் தரையைத் தட்டிக்கொண்டு போக வேண்டும். பொத்தென்று வெறுமையாகச் சத்தம் வரும் இடம் அடியில் விட்டிருக்கிறது. அதைப் பெயர்க்காமல் மேலே என்ன போட்டாலும் நிற்காது. மிச்ச இடத்தை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசியைக் கழுவி, இரவு முழுக்கத் தண்ணீர் ஊறவிட வேண்டும். காலையில் தேங்கிய தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டுச் சீமெந்துக்கூழைத் தூரிகையால் தேய்க்க வேண்டும். அந்தக் கூழ் காய முன்னரே அடிக்கலவை விழ வேண்டும். காய்ந்த கூழ் ஒட்டவைக்காது, பிரித்துவிடும். தரை ஒரு அங்குலம் உயரும் என்பதால் கதவுகள் அரையாமல் திறக்குமா என்பதையும் முதலே பார்த்துவிட வேண்டும்.

நிறக்கலவையைப் பரப்பி மரப்பலகையால் மட்டப்படுத்தியதும் பொறுமையாக இருக்க வேண்டும். மேலே மினுங்கும் தண்ணீர் மறைந்து, பெருவிரலால் அழுத்தினால் இலேசான பள்ளம் மட்டும் விழும் பதம் வரும்வரை உருக்குக் கரண்டியைத் தொடக்கூடாது. பிறகு இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை அழுத்தி இழைக்க, தரை தானாக மினுங்கத் தொடங்கும். காத்திருக்க நேரமில்லாத மேசன்மார் ஈரத்தை உறிஞ்ச மேலே உலர்ந்த சீமெந்தைத் தூவுவார்கள். அன்றைக்கு அழகாகத் தெரியும், ஆறு மாதத்தில் பொருக்குப் பொருக்காக உரியும். இரண்டாம் தடவை நாங்கள் பிடித்த மேசனார் வயதானவர். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "அது கூப்பிடும் தம்பி, அப்ப போவம்" என்று சொல்லி ஒன்றரை மணித்தியாலம் வாசலிலேயே இருந்தார்.

மறுநாளிலிருந்து ஏழு நாளுக்காவது தரை காயக்கூடாது. நிறத் தரையில் பொலித்தீனை விரித்து மூடினால் சுருக்கம் விழுந்த இடமெல்லாம் திட்டுத்திட்டாக நிற்கும். சாயம் போகும் சாக்கும் கறை விடும். ஓரத்தில் சிறு வரம்பு கட்டி, ஒரே அளவாகத் தண்ணீர் நிறுத்தி வைப்பது சிறந்தது. பாரமான தளபாடங்களை ஒரு மாதம் கழித்து ஏற்றலாம்.

மினுக்கம் எங்கே, பிடிப்பு எங்கே?

வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். தண்ணீர் படாத மண்டபமும் சாமியறையும் பெரியம்மாவுக்கு. அங்கே உருக்குக் கரண்டியால் இழைத்த மினுக்கம். தண்ணீர் படும் இடங்களான விறாந்தைப் படி, குசினி வாசல், குளியலறை, கிணற்றுக்கட்டு எல்லாம் பெரியப்பாவுக்கு. அங்கே உருக்குக் கரண்டி தொடவேயில்லை. மரப்பலகையால் மட்டப்படுத்தியதோடு நிறுத்தி, ஈரம் மறைந்த பதத்தில் தும்புத்தடியை ஒரே திசையில் ஒருமுறை மட்டும் இழுத்தோம். அந்தக் கீறல்கள் நடக்கும் திசைக்குக் குறுக்காக விழ வேண்டும். அப்போதுதான் காலும் ஊன்றுகோலும் பிடிக்கும். ஈர்க்கு விளக்குமாறு ஆழமாகக் கிழித்துவிடும், அழுக்கும் அடையும். தும்பு போதும்.

இரண்டு பகுதிக்கும் வேறு வேறு நிறம் கொடுத்தோம். மண்டபம் சிவப்பு, பிடிப்புள்ள இடங்கள் மஞ்சள். பார்வை குறைந்தவர்களுக்கும் இரவில் எழும்புபவர்களுக்கும் படி எங்கே தொடங்குகிறது என்று அந்த நிறமே சொல்லும். படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப்பாதையும் போட்டோம். சக்கர நாற்காலி ஏற வேண்டுமென்றால் ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும். அரை அடி உயரமான வாசலுக்கு ஆறடி நீளம். பல வீட்டுத்திட்ட வீடுகளில் இடத்தை மிச்சம்பிடிக்கச் செங்குத்தாகப் போட்டுவிடுகிறார்கள். அதில் ஏறவும் முடியாது, இறங்கினால் நிறுத்தவும் முடியாது.

கோடும் இலையும்

பழைய விறாந்தைகளில் சதுரம் சதுரமாகக் கோடு இருப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். ஈரத்தரையில் நூலை இழுத்துப் பிடித்து அழுத்தி விழுத்திய கோடு அது. அழகு மட்டுமல்ல, அதற்கு ஒரு வேலையும் உண்டு. சீமெந்து காயும்போது சுருங்கும். சுருங்கினால் எங்கேயாவது வெடிக்கும். நாலடிக்கு நாலடி கோடு போட்டு, அதை மேற்கலவைத் தடிப்பில் காற்பங்காவது ஆழமாக வெட்டினால் வெடிப்பு பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். 25 மில்லிமீற்றர் கலவைக்கு ஆறு ஏழு மில்லிமீற்றர் ஆழம். நூல் அவ்வளவு ஆழத்துக்குப் போகாது. நூலால் அடையாளம் வைத்து, நேர்ச்சட்டத்தை வைத்துக் கரண்டி முனையால் வெட்ட வேண்டும்.

முற்றத்துப் படியில் பூவரசம் இலைகளைப் பதித்தோம். நரம்பு எழும்பியிருக்கும் பின்பக்கம் கீழே இருக்கும்படி ஈரச்சீமெந்தில் வைத்து, கரண்டியால் இலேசாக அழுத்தி, மறுநாள் காம்பைப் பிடித்து உரித்தால் நரம்பு நரம்பாகத் தடம் நிற்கும். மருமகள் வாசலில் ஆணியால் ஒரு சிறு கோலத்தைக் கீறினாள். அந்தப் பள்ளத்தை அடுத்த நாள் வெள்ளைச் சீமெந்துக்கூழால் நிரப்பினோம். ஒரு கைப்பிடிச் சீமெந்துதான் செலவு.

புதிதாகப் போட வசதி இல்லையென்றால்

இருக்கும் தரை பலமாக இருந்து நிறம் மட்டும் வேண்டுமென்றால் அன்னபேதி ஒரு வழி. இரும்பு சல்பேற்று என்று உரமாகவும் விற்பார்கள். தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் பூசினால், சீமெந்திலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து சில மணித்தியாலங்களில் துரு மஞ்சளாக மாறும். ஒரே சீராக வராது, மேகம்போலத் திட்டுத்திட்டாக வரும். சிலருக்கு அதுதான் பிடிக்கும். மெழுகோ எண்ணெயோ பட்ட தரையில் பிடிக்காது. ஒருமுறை பிடித்தால் போகாது என்பதால் ஐதாகக் கரைத்து, கட்டிலுக்கு அடியில் வரும் மூலையொன்றில் முதலில் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும். பிள்ளைகள் விழுங்கினால் ஆபத்தானது. கிணற்றடிக்குக் கொண்டுபோகக்கூடாது.

தரைக்கான பெயின்ற் அடிக்க நினைப்பவர்கள் முதலில் ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் ரேப் ஒட்டி ஓர் இரவு விட வேண்டும். காலையில் அடியில் வியர்த்திருந்தால் நிலத்து ஈரம் மேலே வருகிறது. எங்கள் பக்கத்தில் கார்த்திகை மழையோடு நிலத்தடி நீர் உயரும்போது இது கூடும். அந்தத் தரையில் எந்தப் பெயின்றும் உரிந்துவிடும். ஒக்சைட் கலந்த சீமெந்து அப்படி உரியாது. அதன் நிறம் மேலே ஒட்டிய தோலல்ல, தரையோடு சேர்ந்தது.

உடம்பு கவனம்

ஈரச்சீமெந்து தோலைச் சுடும். உடனே தெரியாது, சில மணித்தியாலம் கழித்தே எரியும். அதனால் றபர்க் கையுறையும் நீளக் காற்சட்டையும் கட்டாயம். முழங்காலூன்றி நெடுநேரம் இருக்கக்கூடாது. முள்ளந்தண்டிலோ நரம்பிலோ காயப்பட்டு, கால் உணர்வு குறைந்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சுடுவது அவர்களுக்குத் தெரியாமலே புண்ணாகிவிடும். பெரியப்பாவும் கலவையில் இறங்கவில்லை. கதிரையில் இருந்தபடி கோடுகளுக்கு நூல் பிடித்தார். கொத்தும்போதும் அரிக்கும்போதும் வரும் தூசிக்கு மூக்கை மூடிக் கட்ட வேண்டும். பழைய தரையைக் கொத்தும்போது தண்ணீர் தெளித்துக் கொத்தினால் தூசி பாதியாகக் குறையும்.

ஒரு மாதம் கழித்து மண்டபத்தைக் கழுவிக் காயவிட்டு, துணியில் தொட்ட கொஞ்சத் தேங்காய் எண்ணெயைத் தடவிப் பொச்சுமட்டையால் தேய்த்தோம். எண்ணெய் கூடினால் தூசி ஒட்டும். வசதியுள்ளவர்கள் மெழுகுப் பொலிஷ் போடலாம். படியிலும் குளியலறையிலும் இரண்டுமே கூடாது.

பழைய வீட்டின் தரையை நாங்கள் முழுதாக உடைக்கவில்லை. புதிய வீட்டின் அத்திவாரம் கொஞ்சம் தள்ளி விழுந்ததில் பழைய விறாந்தையின் ஒரு துண்டு இப்போது முற்றத்தில் கிடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதிய சிவப்பு ஒரு மாற்றுக் குறைவு. பெரியம்மா அதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். நான் ஒக்சைட்டின் அளவைச் சொல்லி விளக்கப் போக, "பழசைப்போல வராது எண்டு எனக்குத் தெரியும். நீ பின்னறையையும் கொத்து" என்றார். சாமான் அறையின் வெள்ளை பூத்த தரையைத் தை மாதத்தில் கொத்தித் திரும்பப் போட்டோம். அப்போது சோளகம் இல்லை.